பன்றி தின்னாத வெள்ளாமை

புரட்டாசி, 1935

தம்பிக்கு அக்காள் எழுதுவது,

கடிதம் கண்டேன். சுருளி மலைப் பன்றி உன் கடலையைத் தோண்டுகிறது, உனக்குக் குறி தப்புகிறது, மச்சான் வந்து உன் துப்பாக்கியால் சுட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய்.

மூன்று வருசத்துக்கு முன் ஆடிப் பதினெட்டன்று, கிராம முன்சீபாக, போலீஸ் ஏட்டோடு என் வீட்டுக்கு வந்தாய். ஆறு பணியாரம் தின்றாய். கை கழுவிவிட்டு, "கதர் கட்டுற பய இருக்குற வீட்ல துப்பாக்கி எதுக்கு? லைசென்சை ரத்துப் பண்ணச் சொல்லி எழுதிட்டேன். எடுத்துக்கங்க ஏட்டய்யா" என்றாய். அந்தப் பயல் என் பேரன்; உனக்கும் பேரன்தான்.

"ஏலே, மலையில இருந்து வர்ற பன்னியா கதர் கட்டிருக்கு?" என்றேன்.

"சர்க்கார் உத்தரவு, அக்கா."

உன் துப்பாக்கி மட்டும் உன் வீட்டிலேயே இருந்தது.

மூன்று வருசம் என் கடலை முழுவதும் பன்றிக்குப் போயிற்று. கடலைக் காட்டை விற்கிறாயா என்று நீ ஆள் அனுப்பினாய். விற்கவில்லை. இந்த வருசம் ஆமணக்கு போட்டேன். பன்றி அதை மோந்து பார்த்துவிட்டு, வரப்பைத் தாண்டி உன் பக்கம் போகிறது.

உன் மச்சான் இளகின மனசுக்காரர், கிளம்பிவிட்டார். லைசென்சு இல்லாதவர் அடுத்தவர் துப்பாக்கியைத் தொட்டால் ஜெயில் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

நீயே சுட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்