காற்றுக்கு எதிரே விரித்த பாய்

செவ்வாய், ஜூன் 3
குளிர்; இந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். லிட்கமில் முதல் ரயில் ரத்து; பரமட்டாவுக்குப் பிந்தித்தான் போனேன். நான் துப்புரவு செய்யும் அருங்காட்சியக மண்டபத்தில் புதுக் கண்காட்சி: பழைய எகிப்து. மேசை நீளத்துக்கு நைல் நதியின் மாதிரி. இரு கரையிலும் கறுப்பு வண்டல், அதற்கப்பால் சிவந்த பாலை. தூசி தட்டுவது என் பொறுப்பு.

ஒரு பிழை. ஆறு தெற்கிலிருந்து வடக்கே, கடலுக்கு. காற்று கடலிலிருந்து தெற்கே. காற்றுக்கு அம்புக்குறி கண்காட்சிக்காரரே போட்டது. ஆனால் மாதிரி ஆற்றில் கடலுக்குப் போகும் சின்ன வள்ளத்தில் பாய் புடைத்து நிற்கிறது! மன்னாரில் இருபது வருடம் கடல் தொழில் செய்தவன் நான். எரிச்சல். ஆற்றோடு இறங்கத் துடுப்பு, திரும்பி ஏறப் பாய். அந்த நாட்டையே நடத்தியது அந்தக் காற்றுத்தானே.

வாங்க: இஞ்சி, பற்பசை, மனைவி ஜெசிந்தாவின் பிரஷர் மாத்திரை.

புதன்
மழை. கண்காட்சிப் பொறுப்பாளர் ஹெலனிடம் சொன்னேன். ஆங்கிலம் போதாமல் கையை வீசிக் காற்றைக் காட்டினேன். எல்லாம் நிபுணர்கள் பார்த்ததாம். "சோ ஸ்வீட்," என்றாள். ஸ்வீட்டாம்!

சூப்பர்வைசர் பிரகாஷ், சென்னைப் பையன்: "நமக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? தரையைத் தொடைச்சோமா, போனோமான்னு இருங்க."

வியாழன்
பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டினேன். இரண்டு நிமிட வேலை. குனிந்ததில் நாரி உளைவு, இடுப்பு நிமிரவில்லை.

வெள்ளி
பாய் மறுபடி மேலே. பக்கத்தில் "தொடாதீர்கள்" அட்டை. மறுபடி இறக்கினேன்.

வீட்டில் ஜெசிந்தா: "உங்கட எகிப்துக்காறர் வந்து வேற வேலை எடுத்துத் தருவினமோ?"

"தரமாட்டினம்."

"பிறகேன்?"

படகில் வந்த அகதி என்று என்னை எத்தனை படிவத்தில் எழுதிவிட்டார்கள். படகைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

திங்கள்
கமெரா காட்டிக்கொடுத்துவிட்டது. பிரகாஷ் படிவத்தோடு வந்தான், முகம் வாடி.

"தெரியாம கை பட்டுடுச்சுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே. வேலை போகாது."

நல்ல பிள்ளை. எனக்காகத்தான் பொய். ஆனாலும் கோபம் வந்தது.

"கை படேல்லை தம்பி. தெரிஞ்சுதான் இறக்கினனான்."

"அப்படிச் சொன்னா தூக்கிடுவாங்கண்ணே."

"தூக்கட்டும்."

அவன் எழுதியதை வெட்டினேன். கீழே ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: காற்று வடக்கிலிருந்து. வள்ளம் வடக்கே. பாய் பிழை. நான் இறக்கினேன். அதன் கீழ் முழுப்பெயர், அப்பாவின் பெயரும் சேர்த்து.

நாளைக்கும் அலாரம் மூன்றே முக்காலுக்குத்தான். வராதே என்று அவர்கள் சொல்லட்டும். நானாக விட்டுப் போகமாட்டேன்.