மாமாவுக்கு அம்மை, டிக்கெட்டை மாற்று

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வர்ஷினிக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஸ்ரீகிருஷ்ணாவும் இருமல், சளி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கபாலியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கையால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன் என்று நினைப்பாய். போன் பண்ணினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடுவாள், குழந்தை ஏதாவது சத்தம் கொடுக்கும், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதைக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவேன். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி டிக்கெட்டில் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கோபப்படாமல் முழுவதும் படி.

இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து பதினோரு வருடமாக நம் ஹாலில் இருக்கும் உன் சுவாமிநாதன் மாமா போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தான். பத்தாம் நாள் காய்ச்சல், இருமல், கண் இரண்டும் சிவப்பு. மூன்று நாள் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் காதுக்குப் பின்னால் ஆரம்பித்து முகம், கழுத்து, மார்பு எல்லாம் செக்கச்செவேல் என்று தடிப்பு. ஐம்பத்து நாலு வயதில் தட்டம்மை. உன் அம்மா உடனே வாசலில் வேப்பிலையைச் சொருகிவிட்டு, நோய்னு வாயால சொல்லப்படாது, அம்மா வந்திருக்கான்னுதான் சொல்லணும், ஆத்துல கடுகு தாளிக்கப்படாது, வரவாளை வான்னும் சொல்லப்படாது, போய்ட்டு வான்னும் சொல்லப்படாது என்று சட்டம் போட்டாள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. வா என்று சொல்லாத வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், நோயும் வெளியே போகாது என்று நினைத்தேன். நான் இந்த அடுக்குமாடியின் அசோசியேஷன் செக்ரட்டரி, காபி, கேசரியோடு மீட்டிங் போட்டால்கூட மூன்று பேர்தான் வருவார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் அன்று மத்தியானத்துக்குள் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். மேல் மாடி வைதேகி தன் நாலு வயதுப் பெண்ணையும் அழைத்து வந்து, கட்டிலில் படுத்திருந்த சுவாமிநாதனை அம்மனாகவே நினைத்து நமஸ்காரம் பண்ணினாள். பதினோரு வருடத்தில் அவனை யாரும் காபி சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. பார்த்தான், எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

சனிக்கிழமை யாரோ லிஃப்ட் எப்போது சரியாகும் தாயே என்று கேட்க, இவன் கண்ணை மூடிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை என்றான். மெக்கானிக்கைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி நான் போனில் பேசியது அவன் காதில் விழுந்திருக்கிறது. செவ்வாய் காலை லிஃப்ட் ஓடியது. அதற்கப்புறம் மந்தைவெளியிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்துவிட்டார்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. தெருமுனை டாக்டர் நஸ்ருன்னிசாவை நான் கையோடு அழைத்து வந்தேன். அவர் மாஸ்க்கோடு வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார். இது காற்றிலேயே இரண்டு மணி நேரம் நிற்குமாம், தடிப்பு வந்து நாலு நாள் முடியும்வரை பக்கத்தில் யாரும் வரக் கூடாதாம். இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வு, நிறையத் தண்ணீர், கஞ்சி, காய்ச்சலுக்கு மாத்திரை, குழந்தைகளுக்கு விட்டமின் ஏ. மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. தடுப்பூசி போடாதவர்கள் இவரைப் பார்த்த மூன்று நாளுக்குள் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வேப்பிலை அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். யாரும் நகரவில்லை. அம்மா இருக்கற ஆத்துல ஊசிப் பேச்சா என்று வைதேகி காதைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் தாழ்போட்டுவிட்டு, சுவாமிநாதா, நீயே சொல்லு, நீ சொன்னால்தான் கேட்பார்கள் என்றேன். அவன், அத்திம்பேர், நானா சொல்றேன், அவள்னா சொல்றா, என்றான். அப்புறம் குரலைத் தணித்து, அஞ்சு நாளா வெறும் மோருஞ்சாதம், நாக்கு செத்துப்போச்சு, ரெண்டு மிளகாய் பஜ்ஜி கெடைச்சா அவ சொன்னாலும் சொல்லுவா என்றான். உன் அம்மாவுக்குத் தெரியாமல் ஆன்லைனில் ஆர்டர் பண்ணினேன். வாட்ச்மேன் வேலு அதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, இன்னா சார், அம்மா வந்த ஊட்ல பஜ்ஜி வாசன வர்து என்று கேட்டான். தொண்டை ரணத்தோடு இரண்டையும் தின்றுவிட்டு சுவாமிநாதன் பால்கனிக்கு வந்தான். காரத்தில் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. கதவு அடைத்ததும் கீழே போய்க் காத்து நின்றவர்கள் அம்மன் அழுகிறாள் என்று அவர்களும் அழுதார்கள். இவன், என்னைப் பார்க்க வந்தவா எல்லாரும் நாளைக்குக் காலம்பற ஊசி போட்டுக்கோங்கோ, இனிமே யாரும் படி ஏறப்படாது என்றான். மறுநாள் சுகாதார மையத்தில் அறுபத்திரண்டு பேர் வரிசை. எழுபத்து நாலு வயது ஜவஹர் சார்கூட முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாராம். நர்ஸ் சொர்ணம் உங்களை யார் அனுப்பினது என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம். பெரியவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஊசி விட்டுப்போன பதினாலு குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறாள்.

வைதேகியின் பெண் வெள்ளிக்கிழமையே வந்து போனவள். புதன்கிழமை போட்டபோது ஆறாம் நாள். பத்து நாள் கழித்து அவளுக்குத் தடிப்பு, பின்னாலேயே நிமோனியா, நாலு நாள் ஆக்ஸிஜனில் இருந்தாள். நேற்றுதான் வீட்டுக்கு வந்தாள். மொட்டை மாடி வரை கேட்கிற மாதிரி கத்துகிற குழந்தை, இப்போது தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்கிறது. இரண்டாம் மாடியில் இன்னொரு குழந்தைக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கே வாசலில் நின்று எல்லோரையும் விரட்டியிருக்க வேண்டும், லிஃப்ட் விஷயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டேன். அது என் தப்பு.

ஸ்ரீகிருஷ்ணாவுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது, இன்னும் இந்த ஊசி போடவில்லை. அங்கே உன் டாக்டரிடம் கேள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பயணத்துக்கு முன்னால் ஒன்று போடலாமாம், அது பிடிக்க இரண்டு வாரம் ஆகுமாம், அது போட்டாலும் வயதுக்குரிய இரண்டு ஊசியை விடக் கூடாதாம். இங்கே கட்டடத்தில் எல்லாம் அடங்கி, டாக்டர் நஸ்ருன்னிசா சரி என்று சொன்ன பிறகு நானே எழுதுகிறேன். உனக்குச் சின்ன வயதில் இரண்டு தடவை போட்டாயிற்று, அட்டை என்னிடம் இருக்கிறது.

டாக்டர் என்னிடம் உங்களுக்கு இது வந்திருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை அம்மா. தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. இப்போது தேறிவிட்ட சுவாமிநாதனுக்குத் தலையணை உறை மாற்றியது, கஞ்சி கொடுத்தது எல்லாம் நான்தான். ஏழு மாதமாகக் குழந்தையைப் போனில்தான் பார்க்கிறேன். ஏர்போர்ட்டில் நீ அவனைக் காட்டினால் தள்ளி நின்று பார்த்துவிட்டு வர என்னால் முடியாது. வாங்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டுவிடுவேன், அதனால்தான் வராதே என்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். டிக்கெட்டை மாற்றிவிட்டு எனக்கு மட்டும் மெசேஜ் போடு, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் நேற்றே ஹாலில் தூளி கட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கடரமணன்