கூட வர ஒரு ஆள்

ஜூலை 15, செவ்வாய்

சென்னையைவிடத் திருநெல்வேலியில் மனிதர்கள் அன்பானவர்களா? மாற்றலாகி வந்து மூன்று மாதம். பழைய சென்னைக் கல்லூரியிலிருந்து யார் போன் செய்தாலும் இதே கேள்வி. எனக்குத் தெரியவில்லை.

மேல்காற்று. மாடியில் காயப்போட்ட துண்டைக் காணோம்.

இதுவரை பார்த்தது:
சென்னை, 8 வரு. – எதிர்வீட்டுக்காரர் பெயர் கடைசிவரை தெரியாது. ஆனால் எனக்குக் காய்ச்சல் கண்ட வாரம் தினமும் கதவருகே பால் பாக்கெட். மணி அடிக்கவில்லை.
கோவை, 2 வரு. – வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’. எல்லாம் வாசலோடு சரி.
இங்கு – டவுண் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள். பாளையங்கோட்டை வருவதற்குள் என் சம்பளம், “நீங்க என்ன ஆளுக?”, ஏன் கல்யாணம் ஆகவில்லை. இறங்கும்போது என் மடியில் இரண்டு கொய்யாப்பழம்.

அன்பா, வேவு பார்ப்பதா?

ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். வியாழன் காலை. என் மார்பிலுள்ள கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நர்ஸ்: “கூட ஒரு பொம்பள ஆளு வரணும். தனியா வந்தா சேக்க மாட்டாவ.”

யாரை? தம்பி ஹைதராபாத்தில். இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

துறையில் யாரையாவது கேட்கலாம். வாய் வரவில்லை. நோயாளிக்குத் துணையாகக் கூலிக்கு ஆள் அனுப்பும் இடத்துக்கு போன். நாளைக்கு ஆள் இல்லையாம்.

படியில் கீழ்வீட்டு கோமதி அக்கா. “நாளைக்கு லீவு போட்டிருக்கியளாம்லா டீச்சர், எங்க போறிய?”

யார் சொன்னது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: ஆழ்வார்திருநகரி, கோயிலுக்கு.

“தனியாவா?”

“ஆமா.”

“ம்.”

அத்துடன் விட்டார். ஆச்சரியம்.

ஜூலை 17, வியாழன்

காலை 6.30. கதவைத் திறந்தால் கோமதி அக்கா. பட்டுச்சேலை, கையில் தூக்குச்சட்டி.

“புளியோதரை கிண்டிட்டேன். கோயிலுக்குத் தனியா போவாவளா? நடங்க.”

சொல்ல வேண்டியதாயிற்று. நின்றபடியே, இரண்டு வாக்கியத்தில்.

“இதுக்குப் போயி பெருமாள இழுத்தியளாக்கும்” என்றார். சேலைகூட மாற்றவில்லை. அப்படியே ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் ‘கீழ்வீடு’ என்று எழுதினார்.

நர்ஸ்: “சொந்தம்னா என்ன முறைன்னு கேக்காவ, அம்மா.”

“மேல நடக்கது கீழ கேக்குது. இதவிட என்ன முறை வேணும்? நீ எந்த ஊரு தாயி?”

கட்டியை எடுத்தாயிற்று. முடிவு வரப் பத்து நாள்.

மதியம் வீடு திரும்பினால், அதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. படியில் நாலு பெண்கள் காத்திருந்தார்கள். கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மூவரின் பெயர் எனக்குத் தெரியாது.

“எந்தப் பக்கம் டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

இடது என்றேன்.