சிரித்தாலும் மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

படம் எடுக்க ஆள் வந்தாயிற்று. ஹெலன் என்று பேர், திருவள்ளூர்க்காரி. தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களைப் பற்றி ஆவணப்படம். கும்மிடிப்பூண்டியில் நான்தான் கதாநாயகி! மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் பழசா ஏதாச்சும் இல்லியா?" என்றாள்.

செத்துப் பிழைத்தவளுக்குப் பளபளப்பு ஆகாதோ?

ஜூன் 4

ஜன்னலருகே நின்று சோகமாக வெளியே பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். எதிர்வீட்டு முனுசாமி அண்ணனின் லுங்கியைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு ஆடு ஓடுகிறது, இடுப்பில் துண்டோடு அவர் பின்னால். ஏழு டேக்கிலும் எனக்குச் சிரிப்பு. எட்டாவதில் ஹெலனே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் அன்புராஜ் ஓடி வந்தார். "திலகா, மாத்திரை போட்டியா?"

அழுதால் மாத்திரை. சிரித்தாலும் மாத்திரை. அப்ப நான் இன்னாதான் பண்றது?

ஜூன் 6

"ரூமுக்குத் தாழ்ப்பாள் எங்கக்கா?" என்று ஹெலன் கேட்டாள்.

இரண்டு வருஷம் முன்பு, அந்த நாளுக்கு அப்புறம், இவர் கழற்றியது. புடவை மாற்றும்போது கதவுக்கு வாளியை முட்டுக் கொடுக்கிறேன். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே போன மாதம் சொல்லிவிட்டார். இவர்தான் "பாக்கலாம்" என்கிறார். படத்துக்கு அவார்டு கிடைக்கட்டும், எனக்குத் தாழ்ப்பாள் போதும் என்று கேமராவிலேயே சொல்லிவிட்டேன்.

ஜூன் 7

அவர் பேசவில்லை. நானும்தான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஹெலன் அவரைக் கேமரா முன்னால் பேச வைத்தாள். நான் கேட்க வேண்டும் என்று அவரே சொன்னாராம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தேன்.

"அவ அழுதா எனக்குப் பயமில்லம்மா. அன்னிக்குக் காலையில நல்லா சிரிச்சிக்கினுதான் இருந்தா. அத நம்பி நான் ஷிஃப்டுக்குப் போய்ட்டேன்."

எனக்கு இது தெரியாது. ரெண்டு வருஷமா என் சிரிப்பப் பாத்து நடுங்கிக்கினு இருந்திருக்காரு மனுஷன். நான் ஒரு தபா கேட்டிருக்கலாம்ல?

ஜூன் 11

ஷிஃப்ட் முடிந்து வரும்போதே கையில் புதுத் தாழ்ப்பாள். கோணலாகத்தான் பொருத்தினார். போட்டேன், திறந்தேன், போட்டேன் — பத்துத் தடவை இருக்கும். பிறகு போட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்தேன். ஏனென்றே தெரியாமல் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

கால் சத்தம் கதவருகே வந்து நின்றது. அவர் கூப்பிடவில்லை, தட்டவும் இல்லை. எனக்குச் சிரிப்பை நிறுத்தவும் மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அடுக்களையில் அவர் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.