வெட்டி எறிந்த இரண்டு கைகள்

திண்டிவனம்,
20-2-1966

சிரஞ்சீவி நடராசனுக்கு, திண்டிவனம் மல்லாட்டை மண்டியின் தராசைக் கட்டி ஆளும் சக்கரவர்த்தியும், உன் அப்பா போன நாளிலிருந்து அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்து வருகிறவனுமான சித்தப்பா தேவநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி அம்சாவும் எருமையும் உயிரோடு இருக்கிறோம், எருமை மட்டும் சௌக்கியமாகவும் இருக்கிறது. பம்பாயில் நீயும் உன் காமிராவும் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது. அடுத்த செய்தி, உன் சித்தப்பா நேற்று வரை சிறையில் இருந்தேன். சிறை என்றால் நம் வீடுதான். காவல் யார் என்றால் பாஞ்சாலி.

அவளை நீ மறந்திருக்க மாட்டாய். போன மாசியில் நீ மண்டிக்கு வந்தபோது எடுத்தாயே, மல்லாட்டை உடைத்து நிலக்கடலைப் பருப்பெடுக்கிற பொம்பிளை, வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாளே, பம்பாய்ப் பத்திரிகையில் பக்கம் முழுக்க வந்து உனக்குப் பேரும் வாங்கிக் கொடுத்ததே, அதே பாஞ்சாலிதான். தினமும் காலையில் பால் கறக்கும்போதே வந்து நம் வாசலில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கத்த மாட்டாள், ஏச மாட்டாள், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பாள். அந்தப் பார்வைக்கு ரயில் இன்ஜினே நின்றுவிடும், நான் எம்மாத்திரம். முந்தாநாள் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தேன். நம் கொல்லைச் சுவர் இமயமலைக்கு அரையடிதான் குறைவு என்பது உனக்குத் தெரியும். நேராக எருமை முதுகில் போய் விழுந்தேன், அது மிரண்டு என்னைத் தெரு முழுக்க ஊர்வலம் அழைத்துப்போய்க் கடைசியில் அவள் எதிரிலேயே இறக்கிவிட்டது. அவள் நிதானமாக, "இன்னா கணக்குப்புள்ள, வாகனம் மாத்திட்டீங்களா" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதானப்பா. அந்தப் படத்தின் கீழே இங்கிலீஷில் 'பசியின் முகம்' என்று போட்டிருக்கிறார்களாம், பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, மண்டியில் கூலியாட்களைப் பட்டினி போடுகிறீர்களா என்று முதலாளியை உலுக்கிவிட்டுப் போனார்கள். முதலாளி அன்றைக்கே, இனி இந்தப் பக்கம் வராதே என்று அவளை அனுப்பிவிட்டார். அதையாவது அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் மகள் தையல்நாயகியை விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் விருத்தாசலத்தின் மகனுக்குப் பேசி வைத்திருந்தது. விருத்தாசலம் சவரம் செய்துகொள்ளப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீ எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பாதிச் சவரத்தோடு எழுந்து வந்தவர், கையேந்துகிறவள் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பாஞ்சாலி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கு நான் கேப்பைக் களியும் கருவாட்டுக் கொழம்பும் வயிறு முட்டத் துன்னுட்டு வந்தேன் கணக்குப்புள்ள. பசியாம் பசி. அந்தத் தம்பி என்னை அந்தப் படத்துக்குள்ளாற வெச்சிப் பூட்டிக்கினு போயிடுச்சி. வர்றவன் போறவன் எல்லாம் எட்டிப் பாக்கறான். கதவு எங்க இருக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், தொறந்து வுடுங்க" என்றாள். இன்னொன்றும் கேள். படத்தைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் கையை நீட்டுவதில்லை. உன் சித்தி மோர் கொடுத்தால், கீழே வையுங்கள் என்கிறாள். இரண்டு கையையும் முந்தானைக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறாள்.

சரி, நாமே போய்ப் பேசித் தீர்ப்போம் என்று புதன்கிழமை விழுப்புரத்துக்கு ரயிலேறினேன். மூன்று லோகமும் நடுங்கும்படி விருத்தாசலத்திடம் பேசினேன். அவள் கேட்கவில்லையய்யா, கொடுத்தாள், கூலிக்கு வந்த மல்லாட்டையில் ஒரு பிடி அள்ளி நீட்டினாள், அச்சில் அது கறுப்பாக அப்பிப்போய் வெறுங்கை மாதிரி தெரிகிறது என்றேன். அவர் டியூப்புக்கு ஒட்டுப் போட்டபடி தலையைக்கூடத் தூக்காமல், "குடுத்தான்னா வாங்கினவன் ஒருத்தன் இருப்பானே, அவன் கைய காட்டுங்க, பங்குனி பொறக்கறதுக்குள்ள தாம்பூலம் மாத்திக்கலாம். இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்கறோம்" என்றார். மூன்று லோகத்தையும் நடுங்க வைத்தவன் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தேன்.

ஏனென்றால் வாங்கினவன் நான். நீ காமிராவைத் தூக்கியபோது அவள் கைக்குக் கீழே இரண்டு கையையும் குவித்து ஏந்திக்கொண்டு நின்றவன் இந்தச் சக்கரவர்த்திதான். படம் வந்த சமயம் நீயே எழுதினாய், சித்தப்பா உங்கள் கைகள் ஓரத்தில் வந்து விழுந்துவிட்டன, பத்திரிகைக்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள், படம் இப்போது நன்றாக இருக்கிறது என்று. ஆக, அந்தப் படத்தில் கையேந்தியவன் ஒருவன் உண்டு, அவனை வெட்டிவிட்டு, கொடுத்தவளைப் பிச்சைக்காரி ஆக்கிவிட்டீர்கள். கண்ணால் கண்டதைத்தான் எடுக்கிறேன், கூட்டுவதும் இல்லை குறைப்பதும் இல்லை என்று போன கடிதத்தில் பெரிதாக எழுதியிருந்தாய். கூட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வெட்டினவர் வேறு யாராக இருந்தாலும், சரி என்று தலையாட்டியது நீதானே. இப்போது ஏந்திய கையைத் தவிர வேறு படமே யாரும் என்னிடம் கேட்பதில்லை, நாலு சுவருக்குள் அடைத்த மாதிரி இருக்கிறது என்று நீ புலம்புவதையும் படித்தேன். உன்னையும் சேர்த்துத்தான் அந்த ஒரு படம் பிடித்து வைத்திருக்கிறது.

என் நிலைமையையும் கேள். எடை போடுகிறவன் கூலியாட்களிடம் கைப்பிடி மல்லாட்டை வாங்கினால் அன்றோடு வேலை போச்சு, அது எங்கள் மண்டியில் சட்டம். அந்தக் கைகளை விழுப்புரத்தில் காட்டினால் சாயங்காலத்துக்குள் செய்தி திண்டிவனம் வந்துவிடும். என் வலது கைச் சுண்டுவிரல் வளைந்திருப்பது ஜில்லா முழுக்கப் பிரசித்தம், வேறு யார் கை என்றும் தப்பிக்க முடியாது. காட்டாவிட்டால் வாசலில் அவள். இப்படிப் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்காக இரண்டு நாள் கொல்லைக்கும் கூடத்துக்கும் அலைந்தேன். உன் சித்திக்குச் சந்தேகம் வந்து பிடுங்கி எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வேலை போனா எருமை இருக்குது, பால் ஊத்திப் பொழைச்சிக்கலாம். அவ கை போனா அவளுக்கு இன்னா இருக்குது" என்றாள். நேற்று வாசலுக்குப் போய், என் கைகளைக் காட்டிவிடுகிறேன் என்று பாஞ்சாலியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே நடராசா, இந்தக் கடிதம் கண்டதும் ஜல்தியாக அந்த நெகட்டிவை எடுத்து, ஓரம் எதையும் வெட்டாமல், அவள் கையில் மல்லாட்டை ஒவ்வொன்றாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் பிரிண்ட் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. இன்னொரு பிரிண்டை அந்தப் பத்திரிகைக்கும் கொடு. போடுகிறார்களோ இல்லையோ, உன் கையால் கொடு. சுண்டுவிரலை மறைத்து எனக்கு உதவி செய்யலாம் என்று நினைக்காதே. பங்குனி பிறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது, மறந்துவிடாதே. ராத்திரியில் கண் விழிக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய்.

இதோடு ஒரு துணிப்பை மல்லாட்டை வருகிறது. இன்று காலை பாஞ்சாலி கொண்டுவந்தது, போன வருஷக் கூலியில் மிச்சமாம். நான் பையைப் பிடித்துக்கொள்ள, முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அவளே பிடி பிடியாகப் போட்டாள். அன்றைக்கு அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான் நீட்டினேன், அதன் கையில் காமிரா இருந்ததால் வாங்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். காமிராவைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
கையும் களவுமாகப் பிடிபடக் காத்திருக்கும்
உன் சித்தப்பா,
தேவநாதன்