இடது காதுமூடி

மார்ச் 3, செவ்வாய்

கூடத்து ட்யூப்லைட் மூன்று நாளாக இரைகிறது என்று சொன்னேன். அவர் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புமுன் ஸ்டூல் போட்டு ஏறி சோக்கை மாற்றினார். இரைச்சல் நிற்கவில்லை என்றேன். குழலையும் மாற்றினார். "இப்ப?" என்று மேலிருந்து கேட்டார். முகமெல்லாம் தூசி.

"சரியாயிடுச்சு."

அவர் போனதும் மெயினை அணைத்தேன். குளிர்ப்பெட்டி உதறிக்கொண்டு ஓய்ந்தது. கூடத்து நடுவில் நின்றேன். இரைச்சல் இருந்தது, இடப்பக்கம்.

ஆக, சத்தம் வீட்டில் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

ரேஞ்ச். பதினொரு வருடமாக ஞாயிறு காலைகளில் ரைஃபிள் சுடுகிறேன். காகித அட்டையைத் தவிர எதையும் சுட்டதில்லை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருபவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். மூச்சைப் பிடித்து விரலை மெல்ல இழுக்கும் அந்த இரண்டு விநாடி தலைக்குள் யாரும் பேசுவதில்லை. அதற்குத்தான்.

இன்று அந்த இரண்டு விநாடியிலும் அந்த இரைச்சல் இருந்தது.

இரண்டு வருடமாக ஞாயிறு காலைப் பொறுப்பும் என்னுடையது. விசில் என் கழுத்தில். ஒரு விசில் என்றால் சுடலாம், மூன்று என்றால் நிறுத்த வேண்டும். யாராவது கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று இடது காதுமூடியைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொள்வேன். கூடாதுதான். ஆனால் போன வருடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தூக்க வேண்டியிருக்கிறது.

"டீச்சரம்மா, அந்த மூடிய இறக்குங்க" என்றார் பிரேக் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சில் எங்கேயும் பிரேக் போடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

"இறக்கிட்டா நீங்க சொல்றது எப்படிக் கேக்கும்?"

"நான் சொல்றதுல கேக்கறாப்ல என்ன இருக்கு?"

பொறுப்பில் இருப்பவர்கள் மாத முடிவுக்குள் செவித்திறன் சான்றிதழ் தரவேண்டும் என்று செயலாளர் அறிவித்தார். கண்ணுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் அதே சண்டை. அவர் பக்கத்து அறையிலிருந்து ஏதோ சொன்னார். "என்ன?" என்றேன். சொன்னார். "என்ன?" அப்புறம் வழக்கம்போல, "ஒண்ணுமில்ல விடு."

"வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்? வாயத் தொறந்து பேசுங்க."

"சரிம்மா" என்றார். இருபத்திரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் சரிம்மாதான். இந்த வாரம் மட்டும் நான்கு "ஒண்ணுமில்ல விடு". வயதாக ஆக மென்று முழுங்கிப் பேசுகிறார்.

மார்ச் 17, செவ்வாய்

பரிசோதனை. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை, தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும்.

முதலில் நேர்மையாகத்தான் அழுத்தினேன். பிறகு வெகு நேரம் எதுவும் வரவில்லை. ஆனால் அவள் தோள் அசைந்துகொண்டே இருந்தது. ஒலியை அனுப்பும்போதெல்லாம் வலது தோள் ஒரு இழை இறங்கியது.

தோள் இறங்கியது. அழுத்தினேன். விரலுக்குப் பழக்கமான வேலை.

"இடது காதுல சில இடம் முன்னப் பின்ன இருக்கு மேடம். இன்னொரு தடவ பாத்துடலாமா?"

"கிளாஸுக்கு நேரமாச்சு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 18, புதன்

தேர்வறையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்த பையனை எழுப்பி வெளியே அனுப்பினேன். என்னைப் பார்க்காமல் போனான். நானும் அவனைப் பார்க்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

அட்டை மாற்றும் நேரம். துப்பாக்கிகளைத் திறந்து கீழே வைத்துவிட்டு, சுட வந்த ஆறு பேரும் முன்னால் போனார்கள். திரும்பி வந்ததும் எண்ணினேன். ஆறு பேர். சரி. விசிலை வாயில் வைத்தேன்.

ஆறாவது தலை பிரேக் அண்ணனுடையது. அவர் இன்று சுடவே வரவில்லை, சும்மா பின்னால் நின்றிருந்தவர். ஆறாம் தடத்துப் பல் மருத்துவர் அட்டை குத்தும் சட்டத்துக்குப் பின்னால் குனிந்து, சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பிரேக் அண்ணன் விசிலை என் உதட்டிலிருந்து பிடுங்கினார். கயிறு கழுத்தை அறுத்தது. பல் மருத்துவர் கையை ஆட்டியபடி எழுந்தார்.

எண்ணிக்கை தவறலாம், எவருக்கும் தவறும். அப்போது காது காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தானே மூடியைத் தூக்கி வைத்திருந்தேன்?

"டாக்டரு மூணு தடவ கத்தினாரு, டீச்சரம்மா" என்றார் பிரேக் அண்ணன், எனக்கு மட்டும். வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "இருங்க இருங்கன்னு. உக்காருங்க. தண்ணி குடிங்க."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மீதி நேரத்துக்கு அவரே விசில் ஊதினார்.

மார்ச் 23, திங்கள்

மூன்று தடவை.

ஐயோ, அந்த ஆளுக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு. என்ன பண்ணிட்டிருக்கேன் நான்? யாருக்காக அந்தப் பொத்தானை அழுத்தினேன் —

மார்ச் 26, வியாழன்

மதிய வகுப்பு இல்லை. சீக்கிரம் வந்தேன். வாரத்தில் இன்றுதான் அவருக்குக் கடை விடுமுறை. கதவைத் திறந்தபோது யாரோ செய்தி வாசிப்பது கேட்டது. நன்றாகவே கேட்டது.

பால்கனியில் எனக்கு முதுகு காட்டி நின்று, நாளிதழை விரித்துப் பிடித்து, உரக்க, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். பற்களுக்கிடையே குறுக்காக ஒரு பென்சில். நடுநடுவே எச்சிலைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தவர் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். பையன்கள் சிகரெட்டை மறைப்பது மாதிரி.

"என்ன இது?"

"நாக்குக்குப் பயிற்சி. எட்டு மாசமாப் பண்றேன். தொண்டை டாக்டர்கிட்டயும் காட்டினேன். தொண்டையில ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. சரி, நாக்குதான் போல."

"கடையில யாராவது நீங்க பேசறது கேக்கலைன்னு சொன்னாங்களா?"

யோசித்தார். "இல்ல."

"ஒருத்தர்கூட?"

"இல்ல. ஆனா நீ சொன்னியே."

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிறவர். நூறு பேருக்கும் கேட்கிறது. ஒருத்திக்குக் கேட்கவில்லை. முதல் வருட மாணவிகூடக் கேட்டிருப்பாள், கோளாறு யாரிடம் என்று. எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவிடவில்லை.

பால்கனிப் படியில் உட்கார்ந்து சொன்னேன். ட்யூப்லைட், பொத்தான், தோள், குண்டூசி. எல்லாவற்றையும். "உங்க நாக்கு இல்ல. என் காது."

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்தார். நெடுகப் பல் தடம்.

"அப்ப இது வேண்டாமா?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, "எட்டு மாசம்" என்றார் மெதுவாக. அதுவும் கேட்டது. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மார்ச் 28, சனி

பரிசோதனைக்குத் திரும்பப் போனேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் தன் தோளையே பார்த்துக்கொண்டாள்.

தாளில் வரைந்த கோடு இடது காதில் மேல்சுருதிகளில் பள்ளத்தில் இறங்கியது. வலது காதிலும் கொஞ்சம்.

"திரும்ப வருமா?"

"வராது மேடம்."

"இரைச்சல்?"

"போகும்னு சொல்லமாட்டேன். கருவி போட்டு வெளிச் சத்தம் நல்லாக் கேக்க ஆரம்பிச்சா, அதைக் கவனிக்கிறது குறையும். நிறையப் பேருக்குக் குறையுது."

சர்க்கரை தடவாமல் சொன்னாள். பிடித்திருந்தது. சுடலாமா என்று கேட்டேன். காதுக்குள் அடைப்பான் ஒன்று, மேலே மூடி ஒன்று, இரண்டையும் இறுக்கமாகப் போட்டுக்கொண்டு, அதுவும் குறைவாக என்றாள். "தூக்கி வைக்கிறது மட்டும் வேண்டாம். கேக்கணும்னு தொறந்தீங்க, அது வழியாத்தான் காதே போயிருக்கு."

மார்ச் 29, ஞாயிறு

விசிலையும் பழைய சான்றிதழையும் செயலாளர் மேசையில் வைத்தேன். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பல் மருத்துவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நியாயம்தான்.

பிரேக் அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என் வலப்பக்கம், எந்தக் காது கேட்கும் என்று கேட்டுவிட்டு.

"எனக்குக் கண்ணுல புரை விழுந்தப்ப, டெஸ்ட் போர்டை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஒப்பிச்சேன். அம்பது பேரை வெச்சுக்கிட்டு அஞ்சு மாசம் வண்டி ஓட்டினேன்."

"அப்புறம்?"

"ஒரு நாள் நிறுத்தத்துல நின்ன பொம்பளை கடைசி நேரத்துலதான் தெரிஞ்சா. மறுநாள் சாவியைக் குடுத்துட்டேன். ஆபரேஷன் ஆகி இப்ப நல்லாத் தெரியுது. ஆனாலும் திரும்ப வண்டியத் தொடல."

இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கருவிகள் வந்தன. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 11, சனி

கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். தட்டும் கரண்டியும் மண்டைக்குள் விழுகின்றன. "சாயங்காலம் ஒரு மணி நேரம் போடு, போதும்" என்றார் அவர். கத்தவில்லை. எதிரே வந்து உட்கார்ந்து சொன்னார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ரேஞ்ச். கருவிகள் டப்பாவில். உள்ளே பஞ்சு அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டு பக்கமும். பிரேக் அண்ணன் விசில் ஊதியதும் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

மூச்சைப் பிடித்தேன். உள்ளே இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலோடேயே சுட்டேன். மோசம். இருபது குண்டில் நடுவட்டத்துப் பத்தைத் தொட்டது மூன்று.

பல் மருத்துவர் வந்திருந்தார். அட்டை மாற்றப் போனபோது மட்டும் திரும்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

மே 7, வியாழன்

மழை. கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் படுவது கேட்டது. எனக்குப் பின்னால், எப்போதும்போல வாய்க்குள்ளேயே, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:

"இது இன்னைக்கு நிக்காது போல."

"நிக்கும்" என்றேன், தாளிலிருந்து தலை தூக்காமல்.

கத்தி நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து சமையலறை வாசலில் வந்து நின்றார். காதில் அந்தப் பென்சில் செருகியிருந்தது. என் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் கருவி இருந்தது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். ஆனால் போகவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடையில் நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.