குடிக்காத நாளின் நடை

இன்று நீதிமன்ற மேசையில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து வைத்தார்கள். விரல் நீளம், ஒரு முனையில் சுருங்கிப்போன பை. குடித்தவன் ஊதினால் உள்ளே இருக்கும் மஞ்சள் துகள் பச்சையாகுமாம். "இது பொய் சொல்லாது ஐயா" என்றார் பொலிஸ் சார்ஜன். உடனே உன் நினைவு வந்தது. அதோடு அந்தப் பழைய எரிச்சலும் வந்தது. நீ இருந்திருந்தால் கேள்வி கேட்க எனக்கு முன்பே எழும்பியிருப்பாய்.

நாமிருவரும் ஒரே சீனியரின் கீழ் கறுப்புக் கோட்டு மாட்டிய காலத்தில் பொலிஸ்காரரின் மூக்குத்தான் சாட்சி. பிடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விறாந்தையில் வெண்கட்டியால் கோடு கீறி நடக்கச் சொல்வார்கள். டொக்டர் மூன்று விஷயம் எழுதுவார்: சாராய மணம், சிவந்த கண், தள்ளாடும் நடை. லொறிக்காரனுக்கும் மீன்காரனுக்கும்தான் அந்தக் கோடு. கிளப்பிலிருந்து வரும் கனவான் வேலியில் மோதினால், ஒரு கொன்ஸ்டபிள் ஏறி அவருடைய காரை அவர் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டுபோய் விடுவார்.

சூசை அண்ணை குருநகரில் எங்கள் ஒழுங்கைக்காரர், ஒரே தெரு. இடது பாதத்தில் திருக்கை மீன் முள் ஏறியபின் கடலை விட்டு மீன் லொறி ஓட்டியவர். நடந்தால் இடப்பக்கம் சரிவார். பிடிபட்ட அன்று மத்தியானம் சோற்றோடு ஒரு போத்தல் கள்ளுக் குடித்ததை அவர் மறுக்கவில்லை. பழுதான காலைப் பற்றித்தான் வாய் திறக்கவில்லை. குடிவெறி என்றால் குற்றப்பணம் கட்டுவதோடு போய்விடும், கால் பழுது என்றால் லைசன்சைப் பறித்துவிடுவார்கள் என்று நினைத்தார். வெறிக்கும் அதே லைசன்ஸ்தான் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

வழக்கை சீனியர் உன்னிடம் கொடுத்தார். "அவன்ரை இங்கிலீசுக்கு நீதவான் காது குடுப்பார்" என்றார். ஆள் எங்கள் ஒழுங்கை. வழக்கு, கொக்குவில் அப்புக்காத்தின் மகனான உனக்கு. வக்கீல் வீடு என்பதால் உன் வீட்டில் சட்டப் புத்தகங்கள் சுவர் உயரத்துக்கு இருந்தன. அவற்றை இரவல் வாங்கித்தான் நான் படித்தேன். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று கேட்கவேண்டியிருந்தது.

வழக்கன்று காலை நீ என்னிடம் வந்தாய். "மச்சான், உங்கடை ஆள்தானே. அவரைப் பற்றி ஏதும் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்? குடிச்சவன் குடிச்சவன்தான்" என்றேன்.

நீ தோற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. அதற்கு விலை சூசை அண்ணையின் வீட்டு அடுப்பு என்று தெரிந்தும்தான் சொன்னேன்.

ஆனால் அவர் நீதிமன்றப் படியேறி வந்த விதத்தை நீ கவனித்திருந்தாய். டொக்டரிடம் மெதுவாகக் கேட்டாய்: "குடிக்காத நாளிலை இவரை நடக்க விட்டுப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இப்ப பாப்பம்."

சூசை அண்ணை கூண்டிலிருந்து இறங்கிக் கதவுவரை நடந்தார். அதே சரிவு. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், "டேய் சூசை, காலமையே போட்டிட்டியோ?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நீ அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னாய். டொக்டரே குனிந்து தழும்பைப் பார்த்தார். அந்தக் காலால் கிளச் மிதிக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு மேல்நீதிமன்றத்தின் புதிய தீர்ப்பொன்றை நீட்டினாய்: மணம், குடித்ததற்குத்தான் சாட்சி; நிதானம் இழந்ததற்கு அல்ல. சூசை அண்ணை லைசன்சோடு வீடு போனார்.

தேத்தண்ணிக் கடையில் நீ பணிஸ் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினாய். "உனக்குத் தெரியும் மச்சான். நீ சொல்லுவாய் எண்டு கடைசி மட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவ்வளவுதான். ஒருவரிடமும் நீ அதைச் சொல்லவில்லை. வசதியாகப் பிறந்தவனுக்கு மன்னிப்பதும் இலகு என்று அன்று நினைத்தேன். இன்றும் அரைவாசி அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போனாய். செத்தவீட்டில் சூசை அண்ணை உங்கள் படலைக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வா என்று உன் ஆட்கள் ஒருவரும் சொல்லவில்லை. றோட்டில் நின்று அவர் அழுத அழுகைக்கும் எனக்குப் பொறாமை. எனக்காக அப்படி அழ ஒரு கட்சிக்காரரும் இல்லை.

இன்று குழாயை ஊதிப் பிடிபட்ட என் கட்சிக்காரர் ஒரு டிராக்டர்காரர். இன்றும் கனவான் ஒருவரும் ஊதவில்லை. நான் எழும்பினேன். "சார்ஜன், குடிக்காத ஆள் ஆரையாவது உப்பிடி ஒரு குழாயை ஊத விட்டுப் பாத்தனீங்களோ?"

சார்ஜன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பிடிச் செய்யச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா."

அதைச் செய்து பார்த்துவிட்டு வரும்படி நீதவான் வழக்கைத் தள்ளிவைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி. இதை ஆரிட்டைப் படிச்சனீர்?"

"அனுபவம் ஐயா" என்றேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். கேள்வி உன்னுடையதுதான். திருப்பித் தர மனம் வரவில்லை.